காளியப்பன் சொன்ன காற்று

“தண்ணி மட்டும் இருநூறு லிட்டர்ணே. அரிசி, சமையல் கேஸ் தோங், மெத்தை எல்லாம் ஏத்தியாச்சு. டயர்ல எவ்வளவு காத்து வைக்கலாம்?” என்றான் சுகுமாறன்.

டயர் கடைக் காளியப்பன் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்னால் ஃபோர் வீல், அதன் பின்னால் கொக்கி போட்ட கேம்பர் வீட்டு வண்டி, அதற்குள் கழிப்பறைகூட இருந்தது. காற்று விஷயத்தில் அவர் சொன்னால் மாசாய் ஊரில் மறுபேச்சில்லை. எங்கே போகிறீர்கள் என்று கேட்பது அவருக்குக் கௌரவக் குறைச்சல். பாரத்தைப் பார்த்தே பாதையைச் சொல்லிவிடுவார்.

“கதவு ஸ்டிக்கர்ல முப்பத்தஞ்சுன்னு போட்டிருக்குண்ணே.”

“ஸ்டிக்கர் ஒட்டினவன் ஏர்கான்ல உக்காந்து ஒட்டினான் பாஸ். அவன் இந்தப் பாரத்தைப் பாத்தானா? என்ன வேகத்துல போவீங்க?”

“நடக்கிற வேகம்தான். சில நேரம் அதுகூட இல்ல.”

“தூரம்?”

“மோசமான இடம் ஒரு கிலோமீட்டர்தான்ணே. ரெண்டு பக்கமும் தண்ணி.”

காளியப்பன் கண்ணை மூடினார். சேறு தெரிந்தது, அட்டை தெரிந்தது, யானைச் சாணம்கூடத் தெரிந்தது.

“அப்ப பதினெட்டுக்கு எறக்கணும். டயர் படுத்தாத்தான் சேத்துல பிடிக்கும்.”

“சேறா?” என்று சுகுமாறன் வாயைத் திறந்தான்.

“முப்பது வருஷ சர்வீஸ் லா. பேசாம இருங்க.” முதல் டயர் அதற்குள் சீறத் தொடங்கிவிட்டது.

முன்சீட்டில் இருந்த சுகுமாறனின் மனைவி ஷாமளா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“போன தடவ பாதியிலயே மாட்டிக்கிட்டோம்ணே. ஒன்பது மணி நேரம். குடிக்கத் தண்ணியில்லாம எங்கம்மா மயங்கியே விழுந்துட்டாங்க.”

“அலமாக், அடப்பாவமே. திரும்பி வந்திருக்கலாமேம்மா?”

“திரும்ப எங்கண்ணே வழி? இந்தத் தடவையும் போய்ச் சேரலன்னா என் தம்பி மூஞ்சியில நான் முழிக்கவே முடியாது.”

தம்பி வனத்துறையில் வேலை செய்கிறான் என்று காளியப்பன் தாமாகவே முடிவு கட்டினார். அந்தப் பெண்ணைப் பார்க்க அவருக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. கேம்பருடையதையும் சேர்த்து ஆறு டயரும் சப்பையாகும்வரை குனிந்த தலை நிமிராமல் வேலை பார்த்தார்.

பிறகு கையைத் துடைத்துக்கொண்டு, தம் முப்பது வருடத் தொழிலில் எவரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டார்.

“இப்பிடி உயிரைப் பணயம் வச்சிப் போறீங்களே, அது எந்தக் காடும்மா?”

“காடா? சிங்கப்பூர் போற காஸ்வே பாலத்து டிராபிக் ஜாம்ணே, நாளைக்கு அங்க என் தம்பி கல்யாணம்.”