வேலிக்கு வெளியே ஒரு வட்டம்

அயர்லாந்தின் கால்வே நூலகத்துக்குப் பழைய வரைபடம் பார்க்க வருகிறவர்கள் பாட்டன், பூட்டனைத் தேடித்தான் வருவார்கள். எண்பத்தைந்து கடந்த நோராவும் அப்படித்தான் என்று நினைத்தார், அடுத்த வருடம் ஓய்வு பெறப்போகும் நூலகர் டெக்லன்.

“எங்க வீட்டு ஆள் ஒருத்தரைப் புதைச்ச இடம் தெரியணும் தம்பி. என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். வாயே திறக்காம போன மாசம் போய்ச் சேர்ந்துட்டார்.”

“மாதா கோயில் கல்லறையில பார்த்தீங்களா?”

“அங்க இடம் குடுக்கல.”

“தாத்தா அவ்வளவு பெரிய போக்கிரியா?” டெக்லன் சிரித்தார். நோராவும் லேசாகச் சிரித்தாள்.

பூதக்கண்ணாடியை வைத்து, வரைபடத்தில் அவள் ஊரை அங்குலம் அங்குலமாகத் தேடினார் டெக்லன். ஆற்றோரம், வயல் வேலிக்கு வெளியே, புள்ளிகளால் ஒரு சின்ன வட்டம். பக்கத்தில் எழுதியிருந்ததைப் படித்ததும் அவர் சிரிப்பு நின்றது. ‘குழந்தைகள் இடுகாடு.’

“ஞானஸ்நானம் குடுக்கறதுக்குள்ள இறந்த பிள்ளைங்களைத்தானே இங்க...”

“ஆமா. அப்பன் மட்டும்தான் தூக்கிட்டுப் போவான். பெத்தவகிட்ட இடத்தைச் சொல்ல மாட்டாங்க.”

நோரா அந்த வட்டத்தின்மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

நகலுக்கான படிவத்தை இழுத்துக்கொண்டு, “தேடுற ஆளோட பேரு?” என்று தயங்கிக் கேட்டார் டெக்லன்.

“பேர் வைக்கறதுக்குள்ள போயிட்டான்பா. இருந்திருந்தா உன்னைவிட ஒண்ணு ரெண்டு வயசு மூத்தவனா இருப்பான்.”