இரவல் போன கதிரைகள்

தேநீர்க்கடைக் கதிரையில் யாரும் உட்காரலாம், சாதி சொல்லி ஒருவரையும் எழுப்பக்கூடாது என்ற சட்டத்துக்காகப் பாராளுமன்றத்தில் தொண்டை கிழியப் பேசிவிட்டு, அன்று காலை மெயில் ரயிலில்தான் சாவகச்சேரியில் வந்து இறங்கியிருந்தார் நமசிவாயம் எம்.பி. சட்டம் நிறைவேறிய செய்தி கேட்டு, வண்டில்காரச் செல்லன் மாலையோடு முற்றத்தில் வந்து நின்றான்.

“இனி எங்கடை ஆக்களும் கடையிலை கதிரையிலை இருந்து தேத்தண்ணி குடிப்பினம், ஐயா. எல்லாம் உங்களாலைதான்.”

நமசிவாயத்துக்கு என்னவோ போல் இருந்தது. செல்லன் நிற்கிறானே என்று தானும் விறாந்தையில் நின்றுகொண்டார்.

“உன்னை இருக்கச் சொல்லவும் வழியில்லை, செல்லன். வீட்டிலை இருந்த கதிரையெல்லாம் தங்கச்சி வீட்டுக் கலியாணத்துக்கு இரவலாப் போயிட்டுது. இன்னும் வந்து சேரேல்லை.”

சொல்லும்போதே பின்னால் திறந்திருந்த அறைக்கதவைக் கையால் சாத்தினார்; குரல் இறங்கியது. செல்லனின் முகத்தைப் பார்க்காமல் மாலைக்குத் தலை குனிந்தார்.

“அதுக்கென்ன, ஐயா. அப்ப நான் வெளிக்கிடுறன்.”

வேலிப் படலையடிக்குப் போனவன் திரும்பி நின்றான். குரலில் கோபம் இல்லை.

“நேற்றுப் பின்னேரம் அந்தக் கதிரையளை என்ரை வண்டிலிலை ஏத்திக்கொண்டு வந்து, இந்த முற்றத்திலைதான் இறக்கினனான், ஐயா. அதிலை ஒண்டுக்குக் கால் ஆடுது. பாத்து இருங்கோ.”