டிரம்மே போதும் அண்ணி

லாரிக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. பட்டறையில் வேறு யாரும் இல்லை. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

"யாரது?" என்றாள் அவள். பதில் இல்லை. "யாருன்னு கேக்கறேன்ல?" கால்கள் அசையக்கூட இல்லை.

குடை நுனியால் பாதத்தில் ஒரு குத்து விட்டாள். உள்ளே தலை எதிலோ 'ணங்'கென்று இடித்தது. நெற்றியைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தது அவளுடைய கொழுந்தன். ஒரு கையில் டார்ச், இன்னொரு கையில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்திருக்கும் ஸ்கேல்.

"என்ன தம்பி, ஆள் இல்லாத நேரத்துல லாரிக்கு அடியில என்ன வேலை?"

"சும்மா... புது பிரேக்கைப் பாத்தேன் அண்ணி." பிடிபட்டவன் மாதிரி ஸ்கேலைச் சட்டைப் பைக்குள் செருகினான். "இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகல. பழைய டிரம்மே போதும் அண்ணி. அதையே திருப்பி மாட்டச் சொல்லிடுங்க."

கணவர் அவளுக்கு விட்டுப்போனது இந்த ஒரு பழைய லாரிதான். ஓட்டுவது கொழுந்தன். போன மழையில் தேங்கிய தண்ணீரில் இறங்கி ஏறியபோது, நனைந்துபோன டிரம் பிரேக் பிடிக்கவில்லை. பஸ்ஸுக்கு நின்றவர்களுக்கு ஒரு முழம் முன்னால் வந்துதான் வண்டி நின்றது. மழை விட்டதுமே, 'முன் சக்கரம் ரெண்டுக்கும் டிஸ்க் பிரேக் போடுங்க' என்று பட்டறையில் விட்டுவிட்டாள்.

நல்லதாப் போச்சு என்று முதலில் சொல்ல வேண்டியவன் அவன். அவனோ பத்து நாளாக, டிரம், டிரம் என்று டமாரம் அடிக்கிறான்.

கொஞ்ச காலமாகவே அவன் போக்கு சரியில்லை. போன் செய்தால் எடுப்பதில்லை. 'என்ன அண்ணி?' என்று பிறகு மெசேஜ்தான் வரும். பேசும்போது கண்ணைப் பார்ப்பதில்லை, பார்வை கொஞ்சம் கீழேயே நிற்கும். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்?

பட்டறைக்காரர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினார். தொட்டதிலெல்லாம் கறுப்பாய்க் கைரேகை வைப்பதால் அவருக்கு எல்லோரும் வைத்த பேர் 'கிரீஸ்'. கொழுந்தன் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் அவரிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"ஸ்கேல் வச்சிருந்தாரா?" கிரீஸ் குரலைத் தாழ்த்தினார். "அக்கா, பிரேக் பேடுக்கு அளவு எடுத்திருக்காரு. டூப்ளிகேட்டை மாட்டிட்டு ஒரிஜினலை வெளிய தள்ளிடுவாங்க. இந்தக் கண்ணு எத்தனை பேரைப் பாத்திருக்கு!"

"அப்புறம் எதுக்கு டிரம் வேணும்னு குதிக்கிறாரு?"

"அங்கதான் சூட்சுமம். டிரம்ல உள்ள லைனர் தேஞ்சா பெடல் கீழ இறங்கும். அது ஓட்டறவன் காலுக்கு மட்டும்தான் தெரியும். அமுக்கிடலாம். டிஸ்க்ல பேட் தேஞ்சாலும் பெடல் இறங்காது. ஆனா ஒரு சின்னத் தகடு உரசி, கீச்சுனு கத்திக் காட்டிக் குடுத்துடும். தப்பு பண்றவனுக்கு அது ஆகுமா?"

அவள் ஏற்கெனவே வேறொரு டிரைவரை விசாரித்து, அவரிடம் சாயங்காலம் சொல்கிறேன் என்று சொல்லி வைத்திருந்தாள். ஆனால் கொழுந்தனுக்கு ஸ்டியரிங்கை விட்டால் வேறு பிழைப்பு தெரியாது. கணவர் இருந்தால் என்ன செய்திருப்பார்?

"ஒரு பரீட்சை வச்சிடுவோம் அக்கா. வேற வண்டியில கழட்டின தேஞ்ச பேட் கிடக்கு. அவர் சாப்பிடப் போற நேரத்துல அதை மாட்டி, வந்ததும் தெருக்கோடி வரைக்கும் ஓட்டச் சொல்றேன். யோக்கியன்னா, சத்தம் வருதுன்னு வந்து நிப்பாரு. மறைச்சார்னா சாவியை வாங்கிடுங்க."

லாரி தெருக்கோடி வரை மெதுவாகப் போய்த் திரும்பியது. பட்டறை வாசலில் பிரேக் போட்டபோது கிளம்பிய கீச்சொலியில், எதிர்க் கடைக்காரர் இரண்டு காதையும் பொத்திக்கொண்டார். மாடி வீட்டில் தூங்கிய குழந்தை வீறிட்டது. நிழலில் படுத்திருந்த நாய் இந்தத் தெருவே வேண்டாம் என்று எழுந்து போய்விட்டது.

கொழுந்தன் குதித்து இறங்கினான். "நல்லாத்தான் நிக்குது அண்ணி. கோடு போட்ட மாதிரி."

"சத்தம் கித்தம் ஏதாவது?" என்றார் கிரீஸ், எதிரே வந்து நின்று.

அவர் முகத்தையே பார்த்தவன் சிரித்தான். "சத்தமா? மூச்சு விடலண்ணே."

கிரீஸ் அவள் பக்கம் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். 'சாவி' என்று, குரலே வராமல், உதட்டை மட்டும் அசைத்தார்.

கொழுந்தனின் சிரிப்பு அணைந்தது. கை தானாகச் சட்டைப் பைக்குள் போனது. அந்த ஸ்கேலை ஒதுக்கிவிட்டுச் சாவியை எடுத்து, தலையைக் குனிந்தபடி அவளிடம் நீட்டினான்.

அவள் திகைத்துப்போனாள். யாரும் ஒரு வார்த்தை பேசவில்லையே!

"தம்பி" என்றாள். குனிந்த தலை நிமிரவில்லை. "தம்பி!" என்று தெருவுக்கே கேட்கும்படி கூப்பிட்டாள். எதிர்க் கடைக்காரர் எட்டிப் பார்த்தார். இவன் நிமிரவில்லை.

நீட்டிய கையை, சாவி உள்ளே இருக்கும்படியே மூடி, அவன் பக்கமாகத் தள்ளினாள். பிறகு கிரீஸைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தத் தகடு கத்துறதுக்குப் பதிலா, ஸ்டியரிங்குக்கு முன்னாடி ஒரு லைட்டு எரியற மாதிரி பண்ண முடியுமா?"