புளியமரத்து ஆணி

புளியமரத்தின் உடம்பில் முதல் ஆணியை அடித்தது சேவல்தான். போன தேர்தலில் தன் பலகையை மாட்ட அடித்தது. பலகை காற்றில் போய்விட்டது; ஆணி உள்ளேயே துருப்பிடித்து மரத்துக்கு வலி கொடுத்துக்கொண்டிருந்தது.

இந்தத் தேர்தலில் சேவலை எதிர்த்துப் பசுமைக் கட்சிக்காக அணில் நின்றது. மரத்தில் ஆணி அடிக்க மனமில்லாமல், தன் பலகையைக் கையில் பிடித்தபடி நாளெல்லாம் வெயிலில் காய்ந்தது.

"நிழலுக்கு வாடா, கிறுக்குப் பயலே," என்றது மரம். "உனக்கு ஓட்டுப் போட்டா இந்த ஆணியைப் பிடுங்குவியா?"

"தோத்தாலும் பிடுங்குறேன், பெரியப்பா."

அணில் தோற்றது. மறுநாளே வந்து ஆணியைக் கடித்து இழுத்தது. ஆணி அசையவில்லை.

"விடுடா, பல்லு போயிடும். அடிச்சவன் வந்து பிடுங்கட்டும்."

ஜெயித்த சேவல் ஊருக்கு நன்றி சொல்ல ஜீப்பில் வந்தது. மரத்தையும் பார்த்துக் கும்பிட்டது; இறங்கவில்லை.