ஐந்தாவது பாட்டுக்குப் பிறகு

17.9.2025. இன்று ஒரு சிறு தவறு செய்தேன். பாட்டு முடிந்ததும் டேப்பை நிறுத்த மறந்துவிட்டேன்.

மாலை எழுத்துப் பயிற்சி வகுப்புக்கான நாட்குறிப்பில் இதை எழுதிய சுவாதிக்கு, 'சிறு' என்பது சரிதானா என்று சந்தேகம் வந்தது.

அம்மா ரஞ்சிதத்தின் பழைய கேசட்டைப் பென்டிரைவில் ஏற்றத்தான் செஞ்சி கடைவீதிக்குப் போயிருந்தாள். அந்தக் காலத்தில் கேசட்டில் பாட்டுப் பதிந்து கொடுத்த அரிகிருஷ்ணன், இப்போது அதே கடையில் செல்போன் ரிப்பேர் செய்கிறார்.

"இது நான் பதிஞ்சதுதாம்மா. உங்க நைனா துபாய் போன வருசம் உங்கம்மா கொண்டாந்தாங்க."

"அங்கேர்ந்து அவரு அனுப்புனது இது ஒண்ணுதாங்கண்ணா. கடுதாசி கூட இல்ல, வெறும் கேசட்டு. அங்கயே ஒருத்திய கட்டிக்கினாருன்னு அம்மா இன்னிக்கும் திட்டுது."

"கேசட்டு மேல ஒண்ணும் எழுதல. எதுனா பதிஞ்சிருக்குதாம்மான்னு கேட்டேன். 'எங்க வூட்ல ஏது டேப்பு? காலிதான், பாட்டு போடு'ன்னாங்க. அஞ்சு பாட்டு போட்டேன்."

கேசட்டை ஓடவிட்டு அவர் டீ குடிக்கப் போனார். பேட்டரி வீணாகுமென்று ஐந்தாவது பாட்டோடு நிறுத்திவிடுவது பின்னாளில் டேப் வாங்கிய அம்மாவின் வழக்கம். சுவாதி மறந்துவிட்டாள். நாடா ஓடியது. ஓர் ஆண்குரல் பாதியிலிருந்து பேசியது.

"...உனக்குப் படிக்கத் தெரியாதேன்னுதான் பேசி அனுப்புறேன் ரஞ்சிதம். விசா ரெடி. புள்ளயோட வந்துடு. பதில் வரலன்னா உனக்கு இஷ்டமில்லன்னு நெனச்சிக்கறேன்."

சுவாதி 'சிறு' என்ற சொல்லை அடித்தாள். கீழே எழுதினாள்:

நாளை: ஐந்து பாட்டுகளை மட்டும் ஏற்றி அம்மாவிடம் கொடுக்க வேண்டும்.