ஓர் ஆள் படுக்கை

அவள் கணவர் வெல்டர். கொல்லையில் அவர் செய்துகொண்டிருந்தது, சைக்கிளுக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் குட்டி வீடு. கூரை, ஜன்னல், படுக்கை எல்லாம் இருந்தன.

"எங்கே போறீங்கன்னு கேட்டா வாயே திறக்க மாட்டேங்கிறார்டி," என்று அவள் தங்கையிடம் போனில் புலம்பினாள். "என் சைக்கிள்லயே கொக்கியும் வச்சுட்டார்."

"படுக்கை எத்தனை பேருக்கு?"

"ஒருத்தருக்குத்தான்."

"போச்சு! உன்னையும் படுத்த படுக்கையா இருக்கற மாமியாரையும் விட்டுட்டு, மாமா கம்பி நீட்டப் போறார்க்கா."

அவள் போனை வைத்தாள். மாமியார் படுத்த நாளிலிருந்து அவள் சைக்கிள் கடைவீதியைத் தாண்டியதில்லை. இவருக்கு மட்டும் ஊர்சுற்றலா?

அவர் வெளியே போன நேரம் பார்த்து, வண்டிக்குள் ஏறிப் படுத்துப் பார்த்தாள். தலையிலிருந்து கால்வரை கச்சிதமாகப் பொருந்தியது. குழப்பம் இன்னும் கூடியது. ஆறடி மனிதர் இதில் காலை எங்கே நீட்டுவார்? அப்படியானால் இது யாருக்கு?

ஜன்னலில் கணவரின் முகம் தெரிந்தது.

"அளவு சரியா இருக்கா? நீ தூங்கறப்போ நூல் பிடிச்சு அளந்தேன்."

"எனக்கா?"

"அம்மாவ நான் பாத்துக்கறேன். நீ உன் இஷ்டத்துக்குப் போயிட்டு வா."

"அத்தைக்கு மாத்திரை..."

அதற்குள் வீட்டுக்குள்ளிருந்து மாமியார் கூப்பிட்டாள். வண்டிக்குள் படுத்திருந்தவள் பழக்கத்தில் சட்டென்று எழுந்தாள்.

"இதோ வந்துட்டேம்மா!" என்று அவர் ஓடினார்.

அடுத்து என்ன செய்வதென்று தெரியாமல், அவள் மறுபடி படுத்துக்கொண்டாள்.