நான்கு விநாடி

கூடத்தில் படம் ஓடிக்கொண்டிருந்தது. குமுதவல்லி மட்டும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். சிரிப்பு வசனம் நான்கு விநாடி கழித்துத்தான் வந்தது.

“அண்ணே, சப்டைட்டில் முந்திக்கிட்டு ஓடுது. அண்ணி மூஞ்சியப் பாத்துப் பாத்து நாங்க சிரிக்க வேண்டியிருக்கு. சரிபண்ணித் தொலையேன்,” என்றாள் பிரேமா.

“ரெண்டே நிமிஷம்,” என்றான் சம்பந்தம். பழைய கணினியை வீட்டுக்கான சர்வராக்கி, அத்தனை படங்களையும் அதில் ஏற்றி, காது கேளாத மனைவிக்காக ஒவ்வொன்றுக்கும் சப்டைட்டில் தேடிச் சேர்த்தவன் அவன். ஆனாலும் அவள் எழுத்தைப் படித்துச் சிரிப்பதற்குள் மற்றவர்கள் சிரித்து ஓய்ந்திருப்பார்கள். பன்னிரண்டு வருடமாக அப்படித்தான்.

கைப்பேசியில் சர்வரைத் திறந்து பார்த்தான். கோளாறு ஒன்றுமில்லை. ஒவ்வொரு படத்திலும் சப்டைட்டில் நான்கு விநாடி முந்தி வரும்படி யாரோ கையால் மாற்றியிருந்தார்கள். சர்வரின் கடவுச்சொல் அந்த வீட்டில் இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

நிமிர்ந்தான். குமுதவல்லி காலை நீட்டிக்கொண்டு, ராணி மாதிரி, அடுத்த சிரிப்பை ஆரம்பித்திருந்தாள்.

“என்னண்ணே, ஆச்சா?”

“சர்வர் பழசும்மா. இதுக்கு மேல ஒண்ணும் பண்ண முடியாது,” என்று கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, எல்லோரையும் போல அவனும் அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருந்தான்.